ஆராச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

ஹெந்தளை,
2024 பெப்ரவரி 4

அன்பின் நோபேட்,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு கிழித்துப் போட்டுவிடாதே. முப்பத்தொரு வருடம் புதுக்கடை நீதிமன்றத்தில் பக்கத்து மேசையில் இருந்து என் கையெழுத்தை வாசித்துச் சலித்தவன் நீ. இன்னும் இரண்டு பக்கம் வாசிப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. போனில் அழைத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் என்னை புளொக் பண்ணித்தான் வைத்திருக்கிறாய். ஆகவே தபால்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஒரு நாய் வேண்டும்.

சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி. பென்ஷன் எடுத்த பிறகு நான் தெமட்டகொடை வீட்டை விட்டு, ஸீனத்துக்கு அவள் வாப்பா, என் மாமனார், விட்டுப்போன முக்கால் ஏக்கர் காணிக்கு வந்துவிட்டது உனக்குத் தெரியும். பாலுக்கென்று பதினொரு ஆடு வளர்த்தோம். இப்போது இருப்பது எட்டு. சதுப்புப் பக்கமாகக் கட்டாக்காலி நாய்கள் நாலைந்து சேர்ந்து வருகின்றன. ஜனவரியில் மட்டும் மூன்றைக் கொன்றுவிட்டன. தின்னவும் இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன. ஒவ்வோர் ஆட்டுக்கும் பெயர் வைத்தவள் ஸீனத். இரண்டு நாள் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாக்கிறன். அதுக்குள்ள இன்னும் ஒரு ஆடு செத்தாலும் எல்லாத்தையும் வித்துட்டு வெள்ளவத்தைக்கு, ஷஸ்னாட ஊட்டுக்குப் போயிடுவம்."

எங்கள் மகள் ஷஸ்னா இருப்பது ஆறாம் மாடி. நல்ல பிள்ளை, நல்ல மருமகன், பல்கனியில் நின்றால் கடல் தெரியும். ஆனால் நோபேட், அங்கே நான் காலையில் எழும்பி எந்த ஆட்டுக்கு இலைகுழை வெட்டிப் போடுவேன்?

வேலியைத் திருத்திவிட்டேன். அதுமட்டும் போதாது, ஆட்டோடு ஆடாக இருந்து காக்கிற நாய் வேண்டும் என்கிறார் அடுத்த காணி முத்துலிங்கம். எங்கள் பள்ளிவாசல் மவ்லவியிடம் கேட்டேன். ஆட்டைக் காக்க நாய் வளர்க்கலாம், கொட்டிலில் இருக்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம், அதன் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒருமுறை மண்ணோடு என்றார். தண்ணீர்க் குழாயடியில் ஒரு சட்டி மண் எடுத்து வைத்துவிட்டேன். இனி நாய்தான் இல்லை.

நான் அறிந்தவர்களில் நாயைப் பற்றி விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன். அந்த நத்தார்ப் பண்டிகை அன்று உன் வீட்டில் நான் சொன்ன வார்த்தையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஆட்டைப் பற்றி மட்டும்.

இப்படிக்கு,
நிலாம்

—

கொட்டாஞ்சேனை,
2024 பெப்ரவரி 11

அன்பின் நிலாம்,

கிழிக்கத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரி யோசெப்பின் பறித்து வாசித்துவிட்டு, "பாவம் ஆடு" என்றாள். உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை, கவனி.

புளொக்கை எடுக்கமாட்டேன். போனில் நீ மூன்றாம் நிமிடம் சண்டைக்கு வந்துவிடுவாய். எழுதும்போது மட்டுந்தான் உனக்குப் பொறுமை வருகிறது.

அந்த வார்த்தையைப் பிறகு எழுதுகிறாயாம். நானே எழுதிவிடுகிறேன். ரெக்ஸ் மழையில் நனைந்துவந்து உன் வெள்ளைச் சாரத்தில் உதறியது குற்றந்தான். நீ அஸர் தொழப் புறப்பட்டு நின்ற நேரம். நீ கோபித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் மச்சான்மார் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருக்க, "நாய் இருக்கிற வீட்டுக்கு மனுசன் வருவானா" என்று கேட்டாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ரெக்ஸ் போன ஓகஸ்டில் செத்துப்போனான். பதின்மூன்று வயது. உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

சரி, நாய். கடையில் கூட்டில் வைத்து விற்கிற அல்சேஷன் எதையும் வாங்காதே. உனக்கு வேண்டியது ஊர் நாய்தான், ஆனால் தாயைப் பார்த்து எடுக்கவேண்டும். ஜா-எல பக்கம் மெல்ரோய் என்று ஒருவன் மாடு வைத்திருக்கிறான். அவனுடைய பெட்டை நாய் கன்றுகளோடு படுத்து எழும்புகிற சாதி. டிசம்பர் கடைசியில் ஆறு குட்டி போட்டது. நான் கூட வரமுடியாது. ரெக்ஸ் போன பிறகு இனி இந்த வீட்டில் நாய் இல்லை என்று யோசெப்பின் மாதாவிடம் நேர்த்தி வைத்துவிட்டாள். நாய்க்குட்டி இருக்கிற இடத்துக்கு என்னை விட்டால் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். பயம் நியாயமானது.

நீ போய் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார். வாலை ஆட்டிக்கொண்டு உன்னிடம் ஓடிவருகிற குட்டி வேண்டாம், அது மனிதர்களுடைய நாய். மூலைக்குள் ஒளிக்கிறதும் வேண்டாம். கோழியைத் துரத்துகிறது வேண்டவே வேண்டாம். உன்னை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, 'இருந்துவிட்டுப் போ' என்பதுபோலத் திரும்பிக் கன்றுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கிறதே, அதை எடு. சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பார். திடுக்கிட்டாலும் திரும்பிவந்து மூக்கால் மணந்து பார்க்கவேண்டும். ஒன்றே ஒன்று எடு. இரண்டு எடுத்தால் தங்களுக்குள் விளையாடிக்கொண்டு ஆட்டை மறந்துவிடும்.

பிறகு அது முழு நாயாக ஒன்றரை வருடம் ஆகும். அதுவரைக்கும் நாய் நீதான். பொல்லுத் தடியை எடுத்துக்கொண்டு ஆட்டோடு நில்.

நோபேட்

—

ஹெந்தளை,
2024 மார்ச் 8

அன்பின் நோபேட்,

ரெக்ஸ் செத்தது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் அந்த வரியை ஸீனத்துக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்க அதுக்கு முந்தியே அங்க போயிருக்கணும்" என்றாள். போயிருக்க வேண்டும். நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவும் கூடாது. ஆத்திரத்தில் சொன்னேன் என்று சாட்டுச் சொல்லமாட்டேன். சொன்னது பிழை.

மெல்ரோயிடம் போனேன். கதிரை ஒன்று தந்தார். ஒரு மணித்தியாலம் இருக்கச் சொன்னாய், ஒன்றே முக்கால் மணித்தியாலம் இருந்தேன். இரண்டு குட்டிகள் என் செருப்பைத் தின்ன வந்தன. ஒன்று கோழிக்குப் பின்னால் போனது. ஒன்று தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து தலையே தூக்கவில்லை. ஒன்று ஓயாமல் அழுதது. ஆறாவது, மண்ணிறம், நெற்றியில் வெள்ளை. கன்றின் கழுத்தில் தலை வைத்துக் கிடந்தது. சாவிக்கொத்தைப் போட்டேன். எழும்பியது, வந்தது, மணந்தது, என்னை மேலும் கீழும் பார்த்தது, திரும்பிப் போய்க் கன்றின் கழுத்தில் தலையை வைத்துக்கொண்டது. மெல்ரோய் சிரித்தார். "அய்யா, நீங்க அவன எடுக்கல்ல. அவன்தான் ஒங்கள விட்டுவெச்சிருக்கான்."

இப்போது இங்கே ஆட்டுக்கொட்டிலில் இருக்கிறது. ஒரு மூலையைக் கம்பிவலையால் மறைத்து, குட்டி மட்டும் நுழையக்கூடிய ஓட்டை வைத்தேன். ஆடு முட்டினால் ஓடிப்போய் இருக்க இடம் வேண்டுமல்லவா. முதல் நாளே வேலை வந்தது. எங்கள் கிழட்டு ஆடு ஒன்றுக்கு நான் வைத்த பட்டப்பெயர் நீதவான். விசாரணை வைக்காமல் தண்டனை கொடுக்கும். குட்டி அதன் காதைக் கடிக்கப் போய், ஒரே முட்டில் மூன்றடி தள்ளி விழுந்தது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகப் போய் அதன் பக்கத்திலேயே படுத்தது.

பெயர் நீ வை. நான் அதைத் தொடவில்லை. சாப்பாட்டைத் தகரத் தட்டில் வைத்துப் பொல்லால் தள்ளிவிடுகிறேன்.

நிலாம்

—

கொட்டாஞ்சேனை,
2024 மார்ச் 15

அன்பின் நிலாம்,

நோன்பு தொடங்கிவிட்டது, உனக்கும் ஸீனத்துக்கும் நல்லபடி போகட்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். யோசெப்பின் சமையலறையிலிருந்து, "என்ன அங்க தனிய சிரிக்கிறீங்க" என்று கேட்டாள்.

பெயர் ஆராச்சி. நம் நீதிமன்ற வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, கூப்பிடாதவனை உள்ளே விடாத ஆராச்சியை நினைத்துப் பார். இவனுக்கும் அதே உத்தியோகம்.

உன்னிடம் ஒரு உண்மை சொல்கிறேன். நான் நாற்பது வருடமாக நாய்களைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவன். காவல் நாயைக் கெடுப்பது அந்தச் செல்லந்தான். தடவினால், மடியில் வைத்தால், வீட்டுக்குள் எடுத்தால், அதன் மனசு ஆட்டை விட்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நீ தடவமாட்டாய். மடியில் வைக்கமாட்டாய். வீட்டுக்குள் விடமாட்டாய். உன் மவ்லவியும் நானும் பேசிவைத்தது போலச் சொல்லியிருக்கிறோம். இந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் கொழும்பில் இல்லை.

ஆனால் தொடவே மாட்டேன் என்பது பிழை. பிடித்தால் நிற்கப் பழகவேண்டும். இல்லாவிட்டால் ஊசி போடுவது எப்படி, காயம் பட்டால் பார்ப்பது எப்படி? காய்ந்த கையால் காய்ந்த முதுகைத் தொட்டால் கழுவத் தேவையில்லை என்று நீயே ஒருமுறை புதுக்கடையில் ஒரு சட்டத்தரணிக்குப் பாடம் எடுத்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை கழுத்தைப் பிடி, விடு. அவ்வளவுதான். காலையும் மாலையும் வேலியைச் சுற்றி நடத்து, தன் எல்லை அவனுக்குத் தெரியட்டும். பந்து எறிந்து விளையாடாதே. சாப்பாடு கொட்டிலில் மட்டும்.

விசர்நாய்த் தடுப்பூசிக்கு மிருக வைத்தியரை எப்போது கூப்பிடுகிறாய் என்று எழுது. பிடித்துக்கொடுக்க நான் வருகிறேன். ஒருநாள் மட்டும். யோசெப்பினுக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொள்கிறேன்.

நோபேட்

—

ஹெந்தளை,
2024 மே 27

அன்பின் நோபேட்,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ ஊசி போட்ட ஞாயிறு வந்தாய். அன்று நீ இல்லாவிட்டால் நானும் வைத்தியரும் முத்துலிங்கமும் இன்றுவரை கொட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்போம். நீ கீழே குந்தி ஒரு சத்தம் போட்டாய், அவன் உன் கைக்குள் வந்துவிட்டான். அடுத்த ஞாயிறும் வந்தாய். அதற்கடுத்ததும். இதோடு எட்டு ஞாயிறு. ஒன்று சொல்லவேண்டும், நீ வந்த ஞாயிறுகளில் இந்தக் காணியில் கேட்ட சிரிப்பு, நான் பென்ஷன் எடுத்த நாளிலிருந்து கேட்டதில்லை. ஸீனத் உனக்கென்று கஞ்சி வைத்தாள், வட்டிலப்பம் வைத்தாள், எனக்குக்கூட அப்படி வைத்ததில்லை.

நீ சட்டைப் பைக்குள் மாரி பிஸ்கட் கொண்டுவந்ததை நான் காணவில்லை என்று நினைக்காதே. கண்டேன். முருங்கைக்குப் பின்னால் வைத்து அவனை மடியில் போட்டு வயிற்றைத் தடவியதையும் கண்டேன். நீ எழுதிய சட்டத்தை நீயே மீறுகிறாய் என்று சொல்ல வாய் வந்தது. ரெக்ஸை நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

நேற்று நீ வரவில்லை, மழை. ஆராச்சி காலை ஆறு மணியிலிருந்து வாசல் படலையடியில் உட்கார்ந்திருந்தான். இப்போது சனிக்கிழமையே போய் உட்காரத் தொடங்கிவிட்டான். ஆடுகள் பின்பக்கம் மேய்ந்தன. நான் குழை வெட்டிக்கொண்டு நின்றேன். பத்து மணிபோல இரண்டு கட்டாக்காலி நாய்கள் வேலிக்குள்ளால் வந்து, சீனி என்ற ஆட்டின் குட்டி பஞ்சுவைப் பின்காலில் பிடித்துவிட்டன. நான் கத்திக்கொண்டு ஓடினேன். நீதவான் ஒன்றை முட்டியது. ஆராச்சி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. ஐந்து மாதக் குட்டி, சண்டை போட வேண்டாம், குரைத்திருந்தாலே நான் நேரத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அவன் அங்கே இல்லை. படலையில் உனக்காக இருந்தான்.

பஞ்சு பிழைத்துவிடும், எட்டுத் தையல். ஸீனத் பயணப் பெட்டியை இறக்கி வெளியே வைத்துவிட்டாள். காயம் வேறு, சாவு வேறு, அவள் சொன்ன நிபந்தனை சாவு என்று அரை மணித்தியாலம் வாதாடி, பெட்டியை மறுபடி மேலே வைப்பித்தேன். இனி ஒருமுறை வாதாட என்னிடம் சட்டமில்லை.

நோபேட், நீ இங்கே வரவேண்டாம். அவன் முழு நாயாகும் வரைக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாயின் பேரில் உன்னை நோகடித்தேன். இப்போது இன்னொரு நாயின் பேரில் வராதே என்கிறேன். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறதென்று உனக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

உன்,
நிலாம்

—

ஹெந்தளை,
2024 ஜூன் 19

அன்பின் நோபேட்,

பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் சாப்பாடு எங்கள் ஊர் ராசிக்கின் த்ரீவீல் ஆட்டோவில் அனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, அதற்குள் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. யோசெப்பின் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார். அவருக்கு நன்றி சொல்.

நாலு ஞாயிறாக அவன் படலைக்குப் போகிறான். போன ஞாயிறு பதினொரு மணிக்கு எழும்பி ஆட்டிடம் போய்விட்டான். உனக்கு இது சந்தோஷமா துக்கமா என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

நிலாம்

—

கொட்டாஞ்சேனை,
2024 ஜூலை 14

அன்பின் நிலாம்,

கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். அறுபத்துமூன்று வயதில் கோபித்துக்கொண்டு இருப்பது நல்ல பொழுதுபோக்கு. உன் பிரியாணியையும் கோபத்தோடுதான் சாப்பிட்டேன், மிச்சம் வைக்கவில்லை.

இதற்கிடையில் என் வழக்கும் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளியான ஒரு பழைய சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நோயாளி நீதான், மன்னித்துக்கொள். யோசெப்பின் என் காற்சட்டையை அலசும்போது மண்ணிற மயிர் கண்டாள். "உங்கட சிநேகிதருக்கு மயிர் கொட்டுதோ" என்று கேட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உன் மே மாதக் கடிதத்தையும் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவள் எனக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. "அந்த மனுசன் சரியாத்தான் எழுதியிருக்கிறார். அந்த ஆட்டுக்குட்டிய நாய் இல்ல, நீங்கதான் கடிச்சனீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன கோபம் மிச்சம் இருக்கும்.

நிலாம், எனக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ரெக்ஸ் படுக்கிற இடத்தை நான் இன்னும் தாண்டித்தான் நடக்கிறேன். உன் ஆட்டின் நாயை நான் எடுக்கப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றரை வயது ஆகும்வரை வரமாட்டேன். அடுத்த வருடம் ஜூன் முடியட்டும். ஆனால் நீ எழுதவேண்டும். சின்ன விஷயம் என்று ஒன்றையும் விடாதே. எந்தக் காதைக் கடித்தான், எந்த ஆட்டோடு படுத்தான், எல்லாம் வேண்டும்.

பஞ்சுவின் கால் எப்படி?

நோபேட்

—

ஹெந்தளை,
2024 நவம்பர் 3

அன்பின் நோபேட்,

இந்த மாத அறிக்கை.

பஞ்சு ஓடுகிறாள், கொஞ்சம் சரிந்து. ஆராச்சிக்குப் பத்து மாதம், நீ எச்சரித்த அந்தப் பொல்லாத வயது. இரண்டு கிழமையாகக் குட்டிகளைத் துரத்தி விளையாடுகிறான். ஒன்றின் காது நுனியைக் கடித்துவிட்டான். நீ எழுதியபடி நீளக் கயிற்றில் கட்டி, பெரிய ஆடுகளோடு மட்டும் விட்டேன். பெரிய ஆடுகள் என்றால் நீதவான். அவன் கையைக் காலை நீட்டினால் கொம்பு வருகிறது. எனக்கு வேலையே இல்லை.

ஒரு நல்ல செய்தி. வியாழக்கிழமை சீனி மறுபடி குட்டி போட்டாள். நான் போவதற்குள் ஒன்று பிறந்துவிட்டது. அவன் இரண்டு முழம் தள்ளிப் படுத்து, தலையை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வேலியையே பார்த்திருந்தான். காகம் ஒன்று வந்தது. எழும்பி விரட்டிவிட்டு, பழையபடி தலையை மறுபக்கம் திருப்பிப் படுத்தான். அந்நியப் பெண்ணைப் பார்க்காத மரியாதை. ஸீனத் அழுதுவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் கழுத்தைப் பிடித்து விடுகிறேன். நேற்று விட்ட பிறகும் அவன் போகவில்லை. என் சாரத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். காய்ந்திருந்தான், அதனால் நானும் நின்றேன்.

குழாயடி மண்சட்டி சும்மாதான் இருக்கிறதென்று ஸீனத் அதில் கறிவேப்பிலை நட்டுவிட்டாள்.

நத்தாருக்கு வரச்சொல்ல என் வாய் கூசுகிறது, நீ வரமாட்டாய் என்று தெரியும். கேக் அனுப்பினால் சாப்பிடுவோம்.

நிலாம்

—

ஹெந்தளை,
2025 மே 29

அன்பின் நோபேட்,

முதலில் இது: பதினாலு ஆடும் இருக்கின்றன. ஆராச்சியும் இருக்கிறான். இனி நிதானமாக வாசி.

செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது அவன் குரல் கேட்டது. அவனுடைய குரல்கள் எனக்கு இப்போது தெரியும். தபால்காரருக்கு ஒன்று, கபரகொய்யா உடும்புக்கு ஒன்று. இது நான் கேட்காத குரல். பொல்லோடு ஓடினேன். கொட்டுகிற மழை. கால்வாய்த் தண்ணீர் வேலியடி மண்ணை அரித்து, அதற்குள்ளால் நாலு நாய்கள் வந்துவிட்டன. ஆடுகள் எல்லாம் மூலையில் நீதவானுக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அவற்றுக்கும் நாய்களுக்கும் நடுவில் அவன். ஒரு அடி முன்னாலும் போகவில்லை, துரத்திக்கொண்டு ஓடவும் இல்லை. வந்த ஒவ்வொன்றுக்கும் வாங்கிக்கொண்டு, கொடுத்துக்கொண்டு நின்றான். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஓடிவிட்டன. பெரியதோடு உருண்டுகொண்டிருந்தான். அதுவும் ஓடியது.

நான் கிட்டப் போனேன். அவன் என்னிடம் வரவில்லை. ஒரு காது கிழிந்து தொங்குகிறது, தோள் திறந்து கிடக்கிறது, அப்படியே ஆடுகளிடம் போனான். ஒவ்வொன்றாக மணந்து பார்த்தான். பதினாலும் முடித்த பிறகுதான் விழுந்தான்.

நான் தூக்கினேன், நோபேட். இரண்டு கையாலும். மழை, இரத்தம், எச்சில் எல்லாம் சேர்ந்து. யோசிக்க நேரமிருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ராசிக் த்ரீவீலை எடுத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தபடி நின்றான். "நிலாம் நானா, நீங்களா தூக்கினீங்க?" "ஓம், நீ ஓட்டு" என்றேன். வைத்தியர் இருபத்திரண்டு தையல் போட்டார். தலையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். என் மடியில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ரெக்ஸுக்கு நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஸீனத் கறிவேப்பிலைச் செடியைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு மண்சட்டியைத் தந்தாள். ஏழு முறை கழுவினேன், ஒருமுறை மண்ணோடு. அது ஒரு பெரிய வேலை இல்லை. அஸர் தப்பவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா உன் வீட்டு மேசையில் அப்படிப் பேசினேன்?

பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். ஸீனத் இன்று காலை ஷஸ்னாவுக்குப் போன் எடுத்து, "நாங்க வரல்ல மகள், இங்க எங்களுக்கு ஆள் ஈக்கிது" என்று சொல்லிவிட்டாள். பெட்டிக்குள் இப்போது பழைய சாக்குகள் இருக்கின்றன.

ஜூன் கடைசியில் அவனுக்கு ஒன்றரை வயது. தையலும் ஆறிவிடும். ஜூலை முதல் ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு நீயும் யோசெப்பினும் வரவேண்டும். நாய் இருக்கிற வீட்டுக்கு மனுசன் வருவானா என்று அன்று கேட்டேன். இப்போது என் வீட்டில் நாய் இருக்கிறது. நீ வருவாயா?

உன்,
நிலாம்

—

கொட்டாஞ்சேனை,
2025 ஜூலை 7

அன்பின் நிலாம்,

நேற்றுச் சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை. யோசெப்பின் உங்கள் வீட்டு ஊறுகாய்ப் போத்தலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நேற்று உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதவே உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கு வரச்சொன்னாய், நாங்கள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டோம். நீ பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. பெண்கள் இரண்டு பேரும் உள்ளே போனதும் நான் பின்பக்கம் நழுவினேன். ஓம், சட்டைப் பையில் மாரி பிஸ்கட் இருந்தது. திட்டாதே.

வேலிக்கு வெளியே நின்றேன். ஆடுகள் பலா நிழலில் கிடந்தன. அவன் எழும்பினான். நிலாம், எவ்வளவு பெரிதாகிவிட்டான். கிழிந்த காதோடு, நீதவானையே தோற்கடிக்கிற முகத்தோடு வந்து என்னைப் பார்த்துக் குரைத்தான். வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, யார் நீ, எதற்கு வந்தாய், அங்கேயே நில் என்று. என்னைப் பார்த்து. ஞாயிறுக்கு ஞாயிறு எனக்காகப் படலையில் காத்திருந்தவன். என்னை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அதே நேரம், சத்தியமாகச் சொல்கிறேன், புதுக்கடையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. நாம் செய்தது பலித்துவிட்டது.

நான் அசையாமல் நின்றேன். குந்தி அந்தப் பழைய சத்தத்தை மெதுவாகப் போட்டேன். குரைப்பை நிறுத்தினான். கம்பிக்குள்ளால் மூக்கை விட்டு என் கையை மணந்தான். நிறைய நேரம் மணந்தான். வால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்தப் பக்கம் போய் வந்தது. என் மற்றக் கை பைக்குள் போனது. பிஸ்கட்டைத் தொட்டது. வெறுங்கையாகவே வெளியே எடுத்தேன். அவன் திரும்பிப் போய்ப் பஞ்சுவின் பக்கத்தில் படுத்தான். பிறகு என்னைப் பார்க்கவில்லை, வேலியைத்தான் பார்த்தான்.

நீ வந்தபோது என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாய். தூசி என்றேன். மழைக்காலத்தில் எங்கே தூசி.

புளொக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே, எழுது. மாத அறிக்கை நிற்கக்கூடாது. மெல்ரோயின் பெட்டை மறுபடி குட்டி போட்டிருக்கிறதாமே. மாதாவிடம் வைத்த நேர்த்தியைப் பங்குத்தந்தையிடம் சொல்லி மாற்ற வழியுண்டா என்று யோசெப்பின் தானாகவே விசாரிக்கிறாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டாலும் பேசமாட்டேன். இந்தமுறை வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிற குட்டியாகப் பார்த்து வை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மாரி பிஸ்கட்டை நாங்கள் இரண்டு பேரும் தின்று முடித்தோம். பாதி வழியில் யோசெப்பின் கேட்டாள்: "அவனுக்கு உங்கள ஆளத் தெரிஞ்சுதா?"

"ஓம்" என்றேன், "தெரிஞ்சுது. ஆனா டியூட்டியில இருந்தான்."

என்றும் உன்,
நோபேட்